திங்கள் இரவின் கணக்கு: மல்யுத்தத் தொலைக்காட்சி நிர்வாகி என்பவர் யார்?

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு நினைவிருக்கும். உயரம், எடை, மார்பளவு, புஜம் என்று ஒவ்வொரு அட்டையிலும் எண்கள் அச்சிட்டிருக்கும். அண்டர்டேக்கர் சீட்டு கைக்கு வந்தவன் அன்றைக்கு ராஜா. அந்தச் சீட்டுக்கட்டில் இடம்பெறும் தகுதியே இல்லாத ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான புஜம் கிடையாது. தோல் மேலங்கியும் நன்றாக வாரிவிட்ட கருமுடியும் உண்டு. ஆனால் சீட்டுக்கட்டில் இருந்த பலருக்குச் சம்பளம் போட்டவர், யார் எந்த இரவில் எந்தச் சேனலில் தோன்றுவார் என்று முடிவு செய்தவர். பெயர் எரிக் பிஷாஃப். அவருடைய பிழைப்பைப் பின்தொடர்ந்தால் மல்யுத்தத் தொலைக்காட்சி நிர்வாகி என்ற விசித்திரமான வேலை எளிதாகப் புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். "அப்படியானால் பொய்ச் சண்டைதானே, இதை ஏன் பார்க்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் கூத்துக் களரிக்குப் போயிருக்க மாட்டார்கள். திரௌபதியின் சேலை முடியாமல் நீளும் என்பது தெரிந்தேதான் ஊரே விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது. மல்யுத்தத்திலும் நல்லவன் உண்டு, வில்லன் உண்டு, நடுவில் நின்று கதையை நகர்த்தும் கட்டியங்காரன்போல வர்ணனையாளர் உண்டு. ஒரே ஒரு பெரிய வேறுபாடு: இங்கே பாரதம் இல்லை. முடிவு தீர்மானமாகியிருக்கும், ஆனால் பார்ப்பவருக்குத் தெரியாது. கதையும் வாராவாரம் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். மங்களம் பாடி மூட்டைகட்ட முடியாத கூத்து இது.

யார் ஜெயிப்பது, யார் யாரைக் காட்டிக்கொடுப்பது என்று எழுதுபவரைத் தொழிலில் 'புக்கர்' என்பார்கள். நிர்வாகி அவருக்கும் மேலே இருப்பவர். வீரர்களை ஒப்பந்தம் செய்வது, அரங்கு பிடிப்பது, விளம்பரதாரரைச் சமாளிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைக்காட்சியில் நேரம் வாங்கி அதைக் காப்பாற்றிக்கொள்வது அவர் தலையில் விழும் வேலைகள். நேரம் என்கிற இந்தக் கடைசிச் சமாசாரம்தான் மொத்தக் கதையும்.

காரணம் அந்த நாட்களில் வருமானம் வந்த வழியில் இருக்கிறது. வாராவாரம் தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சி பார்ப்பவருக்கு ஏறக்குறைய இலவசம். அதில் பகை மூட்டப்படும். ஒருவன் இன்னொருவனை நாற்காலியால் முதுகில் அடித்துவிட்டுப் போவான். அந்தப் பகை தீரும் நாள் மட்டும் தனிக் கட்டணம் செலுத்திப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சியாக, 'பே பெர் வியூ' என்ற பெயரில், மாதம் ஒருமுறை வரும். இலவசமாகக் காட்டுவது விதை, காசுக்கு விற்பது அறுவடை. தொலைக்காட்சி நேரம் போய்விட்டால் விதைக்க நிலமே இல்லை. இதை எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டவர் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற மல்யுத்த நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மெக்மேன். 1984இல் ஜார்ஜியாவில் இருந்த போட்டி நிறுவனத்தின் பங்குகளையே வாங்கினார். அவர் கண் அங்கிருந்த வீரர்கள்மேல் இல்லை. டெட் டர்னரின் டிபிஎஸ் சேனலில் அந்த நிறுவனத்துக்கு இருந்த சனிக்கிழமை மாலை நேரத்தின்மேல்தான். அவர் நிகழ்ச்சி அங்கே எடுபடவில்லை, டர்னரோடு உரசல்வேறு. மறு ஆண்டே அந்த நேரத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார். 1988இல் டர்னர் தாமே ஒரு மல்யுத்த நிறுவனத்தை வாங்கினார். அதுதான் டபிள்யூசிடபிள்யூ.

பிஷாஃப் இந்தத் தொழிலுக்குள் வந்தது வேடிக்கையான வழியில். 1955இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். எண்பதுகளில் மினியாபொலிஸ் பக்கம் நண்பர் ஒருவரோடு சேர்ந்து குழந்தைகளுக்கான நிஞ்ஜா விளையாட்டுச் சாமான் ஒன்றை உருவாக்கினார். அதை விளம்பரப்படுத்த இடம் தேடியபோது ஏடபிள்யூஏ என்ற உள்ளூர் மல்யுத்த நிறுவனத்தின் கதவைத் தட்டினார். சாமான் விற்க வந்தவர் அங்கேயே விற்பனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஊர் ஊராக உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கு நிகழ்ச்சியை விற்பது வேலை. பிறகு ஒருநாள் பேட்டியெடுக்க ஆள் இல்லாமல் போக, கோட்டுப் போட்டிருந்த இவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஏடபிள்யூஏ நலிந்து 1991இல் மூடிக்கொண்டது. மெக்மேனிடம் வேலை கேட்டுக் குரல் தேர்வுக்குப் போனார், கிடைக்கவில்லை. டபிள்யூசிடபிள்யூவில் வரிசையின் கடைசியில் ஓர் அறிவிப்பாளராகச் சேர்ந்தார். 1993இல் தயாரிப்புப் பொறுப்புக்கு ஆள் தேடினார்கள். மல்யுத்தப் பரம்பரையில் வந்த மூத்தவர்கள் பலர் இருக்க, வேலை கடைசி வரிசை அறிவிப்பாளருக்குப் போனது.

என் கணிப்பில் அதற்குக் காரணம் அவருடைய விற்பனைப் பழக்கம். அங்கிருந்த மற்றவர்கள் மல்யுத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் படம்பிடித்தார்கள். இவர் தொலைக்காட்சியை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் மல்யுத்தத்தை வைத்தார்.

முதல் காரியமே அதைக் காட்டியது. பாதி காலியான அரங்குகளில் மங்கிய வெளிச்சத்தில் நிகழ்ச்சியைப் பதிவுசெய்வதை நிறுத்திவிட்டு, ஆர்லாண்டோவில் இருந்த டிஸ்னி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். பூங்காவைச் சுற்றிப்பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளே பார்வையாளர்கள். கைதட்டச் சொன்னால் கைதட்டினார்கள். செலவு மிச்சம், படமும் பளிச்சென்று இருந்தது. ஆனால் பல மாத நிகழ்ச்சிகளைச் சில நாட்களில் எடுத்துத் தள்ளியதால், இன்னும் ஜெயிக்காத பட்டத்தின் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீரர்கள் மேடையேற வேண்டியிருந்தது. அங்கே இருந்தவர்கள் வெளியே போய்ச் சொல்லாமல் இருப்பார்களா? வரப்போகும் மாதங்களின் முடிவுகள் ரசிகர்களிடையே பரவின. தொழிலின் பழைய ஆட்களுக்கு நெஞ்சு வலித்தது. சண்டை நிஜம் என்ற பாவனையைக் கட்டிக்காப்பதற்கு அவர்கள் 'கேஃபேப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். குடும்பத்தாரிடம்கூட அதை விட்டுக்கொடுக்காதவர்கள் உண்டு. பிஷாஃபுக்கு அந்தப் பக்தி இல்லை.

அடுத்தது ஆள் பிடிப்பது. 1994 ஜூனில் ஹல்க் ஹோகனை ஒப்பந்தம் செய்தார். மெக்மேனின் சாம்ராஜ்யமே மஞ்சள் சிவப்பு உடை போட்ட அந்த நாயகனின் தோளில் எழுந்ததுதான். அடுத்த மாதமே ரிக் ஃப்ளேரை வீழ்த்திப் பட்டம் வாங்கினார் ஹோகன். அவரைப் பிடிக்கக் கொடுத்த விலையில் பணம் ஒரு பகுதிதான். போகப்போக அவர் ஒப்பந்தத்தில், தம் கதையின் முடிவை ஏற்கவோ மறுக்கவோ அவருக்கே உரிமை என்ற பிரிவும் இடம்பிடித்தது. நாடகத்தில் நடிகரே "நான் சாக மாட்டேன்" என்று சொல்லலாம் என்றால் எழுதுபவர் கதி என்ன? அந்தக் கடனுக்குப் பல வருடம் வட்டி கட்ட வேண்டியிருந்தது.

இப்போது 1995க்கு வருவோம். பிஷாஃப் பின்னாளில் சொன்னபடி, அவர் அன்று டர்னரின் அறைக்குள் போனது வேறு வேலையாக. ஸ்டார் டிவி வழியாகச் சீனாவில் நிகழ்ச்சியை விற்கலாமா என்று கேட்கப் போனார். பேச்சின் நடுவே டர்னர், "மெக்மேனோடு போட்டிபோட நமக்கு என்ன வேண்டும்?" என்று திடீரென்று கேட்டார். தயாராகாத பிஷாஃப் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: பிரைம் டைம். அதாவது வீட்டில் எல்லோரும் சாப்பாட்டை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்காரும் இரவு நேரம். டர்னர் அங்கேயே தம் அதிகாரியைத் திரும்பிப் பார்த்து, டிஎன்டி சேனலில் திங்கள் இரவைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். மெக்மேனின் 'ரா' நிகழ்ச்சி 1993 ஜனவரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அதே திங்கள் இரவு. டிஎன்டி வேறு எதுவுமில்லை, நம் ஊரில் கார்ட்டூன் நெட்வொர்க் ராத்திரியானதும் மறைந்து அதே எண்ணில் வந்து குழந்தைகளை ஏமாற்றியதே, அதே சேனலின் அமெரிக்க மூலம்தான்.

1995 செப்டம்பர் 4. மினசோட்டாவில் உள்ள 'மால் ஆஃப் அமெரிக்கா' என்ற பிரம்மாண்டமான வணிக வளாகம். கடைகளுக்கு நடுவே வளையத்தைப் போட்டு 'நைட்ரோ' என்ற நிகழ்ச்சியை நேரலையில் தொடங்கினார்கள். மாடி மாடியாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டிங்குக்கும் ஃப்ளேருக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தபோது நுழைவாயிலில் ஒருவர் வந்து நின்றார். லெக்ஸ் லூகர். முந்தைய நாள்வரை மெக்மேனின் நிறுவனத்தில் மோதிக்கொண்டிருந்தவர். அங்கே ஒப்பந்தம் முடிந்திருந்தது. விடைபெறாமலே இங்கே வந்துவிட்டார். பார்த்தவர்களுக்கு அன்று ஒன்று புரிந்தது: இந்தச் சேனலில் எதுவும் நடக்கலாம்.

அந்த நேரத்தில் 'ரா' ஒரு வாரம் நேரலையாக வரும், அடுத்தது முன்பே பதிவுசெய்ததாக இருக்கும். பிஷாஃப் தாமே வர்ணனையாளர் மேசையில் உட்கார்ந்து, எதிரிச் சேனலில் அன்று ஒளிபரப்பாக இருக்கும் போட்டியின் முடிவை நேரலையில் போட்டு உடைத்தார். "அதைத் திருப்பிப் பார்க்காதீர்கள், முடிவை நானே சொல்லிவிடுகிறேன்" என்ற தோரணை. பண்பாடான செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த டிசம்பரில் மெக்மேனின் மகளிர் பட்டத்தை வைத்திருந்த மெடூசா, அந்த பெல்ட்டோடு நைட்ரோவுக்கு வந்து அதைக் கேமரா முன்னால் குப்பைத்தொட்டியில் போட்டார்.

இங்கே ரேட்டிங் பற்றி ஒரு வார்த்தை. சீரியல்களுக்கு டிஆர்பி பார்ப்பது நமக்குப் பழக்கம், அதே சங்கதிதான். நீல்சன் என்ற நிறுவனம் மாதிரி வீடுகளை வைத்து அளக்கும். ஒரு நிகழ்ச்சிக்கு 4.6 என்றால், அந்தச் சேனல் கிடைக்கும் நூறு வீடுகளில் சராசரியாக நான்கரைக்குச் சற்று மேல் அதைப் பார்த்தன என்று பொருள். நிர்வாகி அந்த எண்ணைக் கால்மணி நேரத் துண்டுகளாக வெட்டிப் பார்ப்பார். ஒன்பதே காலுக்கு யார் வளையத்தில் இருந்தார், அப்போது ஆட்கள் வந்தார்களா, ஓடினார்களா? எந்த வீரர் நிஜமாகவே கூட்டம் சேர்க்கிறார் என்பதைக் காட்டும் ஜாதகம் அது.

1996 மே 27, ஜார்ஜியாவின் மேக்கன் நகரம். நைட்ரோ அன்றுதான் இரண்டு மணிநேரமாக நீட்டப்பட்டிருந்தது. ஏதோ சாதாரணப் போட்டி நடந்துகொண்டிருக்க, பார்வையாளர் நடுவிலிருந்து ஜீன்ஸ் போட்ட ஒருவர் தடுப்பைத் தாண்டி வளையத்துக்குள் ஏறி மைக்கை வாங்கினார். ஸ்காட் ஹால். மெக்மேனிடம் ரேசர் ரமோன் என்ற பெயரில் புகழ்பெற்றவர். போட்டி பாதியில் நின்றது. தாம் யார், எங்கிருந்து வந்தோம் என்று சொல்லாமல், போர் தொடங்கிவிட்டது என்கிற மாதிரி பேசினார். சில நாட்களில் கெவின் நாஷும் வந்து சேர்ந்தார். எதிரி நிறுவனம் படையெடுத்து வந்திருக்கிறது என்று ரசிகர்கள் நம்பும்படி இருந்ததால் மெக்மேன் தரப்பு வழக்கே போட்டது. இந்தக் கற்பனையின் வேர் ஜப்பானில் இருந்தது. அங்கே 1995இல் இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொள்வதாக அமைத்த கதைக்கு டோக்கியோ டோம் நிரம்பியதை பிஷாஃப் கவனித்திருந்தார்.

ஜூலை 7, ஃப்ளோரிடாவின் டேடோனா பீச். படையெடுத்தவர்களின் மூன்றாவது கூட்டாளி யார் என்பதே கேள்வி. நல்லவர்களைக் காப்பாற்ற ஹோகன் ஓடிவந்தார். வந்தவர் கீழே விழுந்துகிடந்த நண்பர்மேலேயே காலை இறக்கினார். எம்.ஜி.ஆர். கடைசிக் காட்சியில் நம்பியார் பக்கம் போய் நின்றுகொண்டு சிரித்தால் நம் தியேட்டரில் என்ன நடந்திருக்கும்? அதுதான் நடந்தது. காகிதக் கோப்பை, பாட்டில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். ஹோகன் பேசி முடிப்பதற்குள் வளையம் குப்பைமேடாகிவிட்டது. அந்தக் குப்பை பிஷாஃபின் கண்ணுக்குப் பொற்காசாகத் தெரிந்திருக்கும். நியூ வேர்ல்ட் ஆர்டர் என்ற அந்த வில்லன் கூட்டத்தின் கறுப்பு வெள்ளைச் சட்டைகள் கடைகடையாக விற்றன. அந்த ஆண்டின் இறுதியில் பிஷாஃபே அந்தக் கூட்டத்தின் கையாள் என்று கதையில் வெளிப்பட்டது. நிர்வாகியே வில்லன்! அந்த 1996 கோடையில் தொடங்கி 83 வாரம் தொடர்ந்து நைட்ரோ 'ரா'வைத் தோற்கடித்தது.

"டர்னர் பணம், யார் உட்கார்ந்தாலும் ஜெயித்திருப்பார்" என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே டர்னரின் பணம் 1988 முதல் இருந்தது, நஷ்டம்தான் வந்துகொண்டிருந்தது. மெக்ஸிகோவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ரே மிஸ்டீரியோ போன்ற சிறிய உருவ வித்தைக்காரர்களைக் கொண்டுவந்து முதல் மணிநேரத்தைப் பறக்கவிட்டதும் இவர் காலத்தில்தான். ஆனால் அவர்களை முதல் மணிநேரத்திலேயே உட்காரவைத்ததும் இவர்தான். இரண்டாவது மணி ஹோகனுக்கும் அவர் நண்பர்களுக்கும் எழுதிவைத்ததுபோல ஆனது. அப்படி ஓரங்கட்டப்பட்ட வீரர் கிறிஸ் ஜெரிகோ பொறுத்துப்பார்த்துவிட்டு 1999இல் மெக்மேனிடம் போய்விட்டார்.

சரிவு எங்கே தொடங்கியது என்பதற்குப் பலரும் பல தேதி சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1998 ஏப்ரல் 13. அன்று 'ரா' 4.6, நைட்ரோ 4.3. தொடர் வெற்றி முடிந்தது. அன்று 'ரா'வில் காட்டியது என்ன? முதலாளி மெக்மேனுக்கும் தொழிலாளி ஸ்டீவ் ஆஸ்டினுக்கும் சண்டை. நிர்வாகியை வில்லனாக்கும் உத்தியை மெக்மேனும் கையில் எடுத்து, அதை இன்னும் கூர்மையாக்கிவிட்டார். மேலதிகாரியை ஓர் அறைவிட ஆசைப்படாத ஊழியர் உலகில் உண்டா? சண்டை மூளும் நேரத்தில் குறுக்கே வந்து கெடுத்தவர் மிக் ஃபோலி. இந்த ஆஸ்டினை 1995இல், காயத்தோடு வீட்டில் இருந்தபோது, வேலையைவிட்டு அனுப்பியவர் பிஷாஃப். ஃபோலியும் டபிள்யூசிடபிள்யூவில் மதிப்பில்லை என்று 1994இல் கிளம்பியவர். தாம் கழித்துப்போட்ட சீட்டுகளிடமே தோற்றார்.

அதற்குப் பிறகு பிஷாஃபுக்குத் திங்கள் இரவு வெறியானது. 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், தோல்வியே காணாத கோல்ட்பெர்க் ஹோகனை வீழ்த்திப் பட்டம் வென்றார். அற்புதமான இரவு, அந்த வார ரேட்டிங்கும் கைக்கு வந்தது. ஆனால் மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் வளர்த்து, கட்டணம் வாங்கி விற்றிருக்க வேண்டிய போட்டியைச் சில நாள் முன்னறிவிப்போடு இலவசமாகக் கொடுத்துவிட்டார். விதைநெல்லைப் பொங்கிச் சாப்பிட்ட விருந்து.

1999 ஜனவரி 4 இன்னும் மோசம். 'ரா'வில் அன்று வரப்போவது பதிவுசெய்த நிகழ்ச்சி. அதில் ஃபோலி முதன்முறையாக உலகப் பட்டம் வெல்கிறார். பழைய பழக்கப்படி பிஷாஃப் சொல்ல, நைட்ரோ வர்ணனையாளர் அந்த முடிவைப் போட்டு உடைத்து, இதற்கெல்லாம் கூட்டம் வருமாக்கும் என்று கிண்டலும் செய்தார். உடனே லட்சக்கணக்கான வீடுகள் சேனலை மாற்றின, ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்க! முடிவு தெரிந்த பிறகும் பார்க்கப் போனார்கள். கூத்துக்கு ஏன் கூட்டம் வருகிறது என்று புரிந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. நைட்ரோவிலேயே இருந்தவர்களுக்கு அன்று கிடைத்தது, ஹோகன் ஒரு விரலால் மார்பில் தொட நாஷ் மல்லாக்க விழுந்து பட்டத்தைத் தாரைவார்த்த காட்சி.

1999 செப்டம்பரில் பிஷாஃபைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2000இல் திரும்ப அழைத்தார்கள், சில மாதங்களில் விலகினார். பிறகு முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு நிறுவனத்தையே வாங்க முன்வந்தார். 2001 ஜனவரியில் பேச்சு ஏறக்குறைய முடிந்ததாக அறிவிப்பும் வந்தது. அதே மாதம், டர்னரின் நிறுவனத்தை ஏற்கெனவே வாங்கியிருந்த டைம் வார்னர் குழுமம் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தோடு இணைந்தது. டர்னரின் சொல் அங்கே எடுபடாத காலம். சேனல்களுக்குப் புதிய தலைவராக வந்த ஜேமி கெல்னர், டிஎன்டியிலும் டிபிஎஸ்ஸிலும் மல்யுத்தம் வேண்டாம் என்று மார்ச்சில் முடிவெடுத்தார். அவர் நிறுவனத்தை மூடச் சொல்லவில்லை, நேரத்தை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நேரமில்லாத மல்யுத்த நிறுவனத்தை யார் வாங்குவார்கள்? பிஷாஃபின் முதலீட்டாளர்கள் ஒதுங்கினார்கள். சொந்தமாக நேரம் வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் அது பயன்படும். மெக்மேன் பெயரையும் பழைய ஒளிநாடாக்களையும் சில மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டார். மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோவில், டிஎன்டியின் திரையிலேயே, மெக்மேன் முகம் தோன்றியது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 2002 ஜூலையில் மெக்மேன் 'ரா' மேடையில் புதிய பொது மேலாளர் என்று அறிவிக்க, உள்ளேயிருந்து பிஷாஃப் வந்தார், இருவரும் கட்டித்தழுவினார்கள். பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். இது திரையில் வரும் வேடம் மட்டும், நிஜ அதிகாரம் கிடையாது. 2005 டிசம்பரில் கதைப்படி வேலைபோனபோது மெக்மேன் அவரைக் குப்பை லாரியில் போட்டு அனுப்பினார். மெடூசா பெல்ட்டைப் போட்ட தொட்டிக்குப் பத்து வருடம் கழித்துக் கிடைத்த பதில் என்று எடுத்துக்கொள்ளலாம். 2010இல் ஹோகனோடு டிஎன்ஏ (TNA) என்ற வேறொரு மல்யுத்த நிறுவனத்துக்குப் போய் மறுபடி திங்கள் இரவில் 'ரா'வோடு மோதிப்பார்த்தார். இரண்டு மாதத்தில் வியாழனுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 2019 கோடையில் மெக்மேன் இவரை நிஜமாகவே 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சியின் நிர்வாகியாக நியமித்தார். அது ஃபாக்ஸ் சேனலுக்கு மாறி இரண்டு வாரம் ஆவதற்குள் நீக்கிவிட்டார். 2021இல் புகழ்மண்டபத்திலும் சேர்த்துக்கொண்டார்கள்.

2018 முதல் அவர் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். அதன் பெயர் '83 வாரங்கள்'. 84ஆவது வாரத்தைப் பற்றியும் அதில் நிறையப் பேசுகிறார்கள்.